மறு: சூடோபெரிப்டெரல் கோயிலைத் தமிழில் எப்படிச் சொல்வது?

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

கட்டடக்கலை வரலாற்று நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன் என்று முன்பே சொல்லியிருந்தேன். கிரேக்கக் கோயில்களை ஒருவழியாகத் தாண்டி ரோமானியப் பகுதிக்கு வந்தேன். முதல் கோயிலிலேயே வண்டி நின்றுவிட்டது.

அது பிரான்சின் தெற்கே நீம் நகரில் இருக்கும் மேசோன் கரே. முழு உருவத்தோடு இன்றும் நிற்கும் ரோமானியக் கோயில்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அவற்றில் ஒன்று. நீளம் 26 மீட்டருக்குச் சற்று மேல், அகலம் பதின்மூன்றரை மீட்டர். ஆளை விட உயரமான, சுமார் 2.85 மீட்டர் மேடைமேல் ஏறி நிற்கிறது. ஏற முன்பக்கம் மட்டும்தான் வழி, 15 படிகள். படிகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், அப்போதுதான் முதல் படியில் வைத்த வலது காலே மேல்தளத்திலும் முதலில் படும் என்று ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் எழுதிவைத்திருக்கிறார். ‘வலது காலை எடுத்து வைத்து வா’ என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி தூண்கள். முகப்பில் 6, பின்னால் 6, பக்கத்துக்கு 11. மூலைத் தூண்களை இரண்டு முறை எண்ணாமல் கூட்டினால் மொத்தம் 30. எல்லாம் இலைக்கொத்துத் தலை வைத்த கொரிந்தியத் தூண்கள். ஆனால் இவற்றில் தனித்து நிற்பவை முகப்பை ஒட்டிய 10 மட்டுமே. மீதி 20 தூண்களும் பாதி சுவருக்குள் இருக்க, பாதி வெளியே தெரிகின்றன. என் தங்கை மகள் அங்கே போனபோது எடுத்தனுப்பிய படங்களைப் பார்க்கிறேன். தொலைவில் நின்று எடுத்த படத்தில் நாலு பக்கமும் தூண்வரிசை ஓடுகிறது. கிட்டப் போய் எடுத்த படத்தில் பக்கவாட்டில் நடக்க இடமே இல்லை!

தூண்கள் சுற்றிலும் தனித்து நின்றால் அது பெரிப்டெரல். ப்டெரோன் என்றால் கிரேக்கத்தில் சிறகு. இதற்கு ‘தூண்சூழ் கோயில்’ என்று ஏற்கெனவே போட்டுவிட்டேன். தேவாரத்தில் ஊருக்கு ஊர் வரும் ‘பொழில்சூழ்’ காதில் இருந்ததால் வந்த சொல். குழுவிலும் யாரும் மறுக்கவில்லை.

இப்போது சூடோபெரிப்டெரல், அதாவது மேசோன் கரே போலத் தூண்கள் சுவரோடு சேர்ந்துவிட்ட வகை. சூடோ என்றால் கிரேக்கத்தில் பொய். நான் எழுதியிருப்பது ‘போலித் தூண்சூழ் கோயில்’. போலி என்றதும் போலி மருந்தும் போலிச் சாமியாரும் நினைவுக்கு வருவது செய்தித்தாள் செய்த வேலை. இலக்கணத்தில் போலி ஏமாற்று வேலை இல்லை. அறம், அறன் என்று எழுத்து மாறினாலும் பொருள் மாறாமல் நிற்பது போலி. இலக்கணப்போலி அதைவிடப் பொருத்தம். இலக்கணம் இல்லாவிட்டாலும் இலக்கணம் உடையதுபோலவே சான்றோர் வழங்கிவருவது. அதற்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த எடுத்துக்காட்டு என்ன? முன்றில்! இல்முன் என்பது முன்பின்னாக மாறி முன்றில் ஆனது.

இங்கேதான் எனக்கு இன்னொரு ஆசை வந்தது. கோயிலின் முன்பக்கத் தூண்கூடத்துக்கு ப்ரோநாவோஸ் என்று பெயர். ப்ரோ என்றால் முன், நாவோஸ் என்றால் கடவுள் குடியிருக்கும் இல். அப்படியே சொல்லுக்குச் சொல் முன்றில். இரண்டு சொல்லும் ஒரே கல்லில் விழுந்துவிட்டன என்று நேற்று இரவு துள்ளிக் குதித்தேன். ஒரு ராத்திரி தூங்கி எழுந்த பிறகும் சரியாகவே படுகிறது. உங்கள் கருத்து?

அன்புடன்,
திருச்சியிலிருந்து

—

வணக்கம்.

முப்பது வருடம் கட்டடப் பொறியாளராக இருந்த பழக்கத்தில் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கே எது போலி?

உங்கள் தொடரைப் படிக்கிறவர் தூண்தான் போலி என்று எடுத்துக்கொள்வார். சுவரில் சாந்தை அப்பி வளைத்துவிட்ட அலங்காரம் என்று நினைப்பார். அந்த 20 தூண்களும் அப்படி ஒட்டவைத்தவை அல்லவே. சுவரோடு சேர்த்தே கட்டியவை, மேலே ஓடும் உத்தரக் கல்வரிசைக்குச் சுவரும் அவையும் சேர்ந்துதான் தோள் கொடுக்கின்றன.

விட்ருவியஸை நீங்களே இழுத்ததால் சொல்கிறேன். தம்முடைய நான்காம் நூலின் கடைசியில் இந்த வகையைப் பற்றி அவர் பேசுகிறார். சுவரை வெளியே தள்ளித் தூண்களின் இடைவெளிக்குள் கொண்டுபோய் வைக்கிறார்கள், உள்ளே அறை பெரிதாகிறது என்கிறார். ஆக, யாரும் தூண் மாதிரி ஒன்றைச் செய்து சுவரில் ஒட்டவில்லை. சுவர்தான் தூணைத் தேடி வெளியே வந்திருக்கிறது. காணாமல் போனது நடுவில் இருந்த நடைவழி. போலி என்று எதையாவது சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் ‘சுற்று’ போலி. தூண் அசல்.

எங்கள் வேலையில் இதைத் தினமும் பார்ப்போம். வீடு கட்டுகிறவர் முதலில் சுற்றிலும் வராந்தா கேட்பார். வரைபடத்தைப் பார்த்ததும், “இவ்வளவு இடம் வீணாகுதே, சுவரை அந்தத் தூண் வரைக்கும் இழுத்துடுங்க” என்பார். ரோமானியருக்கும் அதே கணக்குதான்.

அன்புடன்,
கோவையிலிருந்து

—

திருச்சி நண்பருக்கு வணக்கம்.

தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இரண்டு சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, முன்றில். சொல்லாராய்ச்சி அழகு, ஆனால் பொருள் தவறு. சங்கப் பாட்டில் முன்றில் கூரைக்குக் கீழே இருக்கும் இடம் அல்ல. வீட்டுக்கு முன்னே திறந்து கிடக்கும் முற்றம். தினை காய்வதும் கோழி மேய்வதும் அங்கேதான். உங்கள் ப்ரோநாவோஸ் கூரை போட்டது, தூண் தாங்குவது. எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் அது விறாந்தை.

ஆனால் அந்தச் சொல்லை எறிந்துவிட வேண்டாம். ரோமானியக் கோயிலில் பலிபீடம் எங்கே இருந்தது? உள்ளே அல்ல, வெளியே, படிகளுக்கு முன்னால், வானத்துக்குக் கீழே. பலி, சடங்கு, மக்கள் கூட்டம் எல்லாம் அங்கே. உள்ளே தெய்வச் சிலை மட்டும் கதவைத் திறந்தால் அந்தப் பீடத்தைப் பார்க்கிறாற்போல் நிற்கும். அந்த வெளியிடம்தான் சரியான முன்றில்.

இதே காரணத்துக்காக உள்ளறையைக் கருவறை என்று எழுதிவிடாதீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன். கருவறை என்றால் நம் வாசகர் அர்ச்சகரையும் தீபாராதனையையும் சேர்த்தே காண்பார். அந்த உள்ளறைக்கு ரோமானியர் சொன்ன செல்லா என்ற இலத்தீன் சொல் சாதாரண அறைக்கும், பண்டம் போட்டுவைக்கும் அறைக்கும் வழங்கியது. உள்ளறை போதும்.

இரண்டாவது, போலி. போலி என்பது ஏமாற்று இல்லை என்று எனக்கு விளங்கப்படுத்துகிறீர்கள், எனக்கு விளங்குகிறது. புத்தகத்தை வாங்குகிற பிள்ளைக்கு யார் விளங்கப்படுத்துவது? பொருளடக்கத்தில் ‘போலிக் கோயில்கள்’ என்று அச்சாகட்டும், பிறகு தெரியும்.

யாழ்ப்பாணத்திலிருந்து

—

யாழ்ப்பாணத்து ஐயா, கோவை அம்மா இருவருக்கும் நன்றி.

முன்றிலில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். ப்ரோநாவோஸ் இனி முகமண்டபம். பலிபீடம் இருந்த வெளிக்கு முன்றில். எப்படியோ அந்தச் சொல் புத்தகத்துக்குள் வந்துவிட்டது, அது போதும்.

போலியை மட்டும் அவ்வளவு சுலபமாக விட மனம் வரவில்லை. அம்மா சொன்னது மேசோன் கரேக்குப் பொருந்தும். ரோமிலேயே டைபர் ஆற்றங்கரைப் பக்கம் நிற்கும் போர்ட்டூனஸ் கோயிலைப் பாருங்கள். இதைவிடப் பழையது, கிறித்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டியது. சின்னக் கோயில், முகப்பில் 4 தூண், பக்கத்துக்கு 7. தனித்து நிற்பவை 6, சுவரோடு சேர்ந்தவை 12. தனித் தூண்களையும் மூலைகளையும் டிராவர்டைன் என்ற உறுதியான சுண்ணக்கல்லில் செய்தார்கள். சுவரோடு சேர்ந்த தூண்களை மலிவான, மென்மையான எரிமலைக் கல்லில் செய்தார்கள். அப்புறம் எல்லாவற்றின் மேலும் சுதை பூசி, ஒரே கல்லில் செய்ததுபோலக் காட்டினார்கள். இதைப் போலி என்று சொல்லாமல் என்ன சொல்ல?

(இந்தக் கோயில் 9-ஆம் நூற்றாண்டில் தேவாலயமாக மாறியதால் பிழைத்தது. நெடுங்காலம் ஃபோர்ட்டூனா விரிலிஸ் கோயில் என்று தவறாகவே அழைக்கப்பட்டது. ஒரு கோயில் பிழைக்க வேண்டுமானால் யாராவது அதை வேறு எதற்காவது எடுத்துக்கொள்ள வேண்டும்போல. மேசோன் கரேயும் நகர மன்றக் கூடம், குதிரை லாயம், 1670-க்குப் பிறகு அகஸ்தீனியத் துறவிகளின் தேவாலயம், பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் அரசு அலுவலகம் என்று வேடம் மாறி மாறித்தான் 1823-இல் அருங்காட்சியகம் ஆனது.)

ஆனாலும் ‘போலிக் கோயில்கள்’ என்ற தலைப்பைக் கண்ணில் கண்ட பிறகு எனக்கும் கை கொஞ்சம் நடுங்குகிறது. வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள். ‘அரைத்தூண்சூழ்’ என்று ஒன்று எழுதிப் பார்த்தேன். நாக்கில் நிற்கவில்லை.

அன்புடன்,
திருச்சியிலிருந்து

—

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பார்க்கப் போகும் சென்னைக் கூட்டத்தில் நானும் ஒருவன், கட்டடக்கலை முறையாகப் படித்ததில்லை.

திருச்சி ஐயா எழுதிய அரைத்தூண் நமக்குப் பழகிய சொல்தான். நம் சோழர் கோயில் விமானங்களில் சுவரை ஒட்டி நான்முகமாக, எண்முகமாக, உருளையாக வருவதையெல்லாம் கோயில் ஆய்வு எழுதுகிறவர்கள் அரைத்தூண் என்றுதான் எழுதுகிறார்கள். ஆனால் ‘அரைத்தூண்சூழ் கோயில்’ என்றால் தஞ்சைப் பெரிய கோயிலும் அந்தக் கணக்கில் வந்துவிடும். அது வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. நம் அரைத்தூண்கள் பெரும்பாலும் தட்டையாகச் சுவரிலிருந்து கொஞ்சமாக எழுபவை. நடுநடுவே தெய்வ உருவம் வைக்கும் கோட்டங்களும், சிறு கோயில் முகப்பு வடிவிலான பஞ்சரங்களும் வந்து வரிசையை உடைக்கும். மேசோன் கரே படத்தில் நான் பார்ப்பது அப்படி இல்லை. முகமண்டபத்தில் தனியாக நிற்கும் தூணும் சுவரில் பாதி மறைந்த தூணும் ஒரே உயரம், ஒரே தலை, மேலே ஒரே உத்தரம்.

நான் சொல்ல வந்தது வேறு. அதே ஆய்வாளர்கள் சுவரை வருணிக்கும்போது ‘நான்முக அரைத்தூண்கள் தழுவிய சுவர்’ என்று எழுதுவார்கள். அந்தத் ‘தழுவிய’ உதவுமா என்று பாருங்கள்.

—

தம்பி, எங்கே இருந்தீர்கள் இத்தனை நாள்?

தூண்சூழ் கோயில், தூண்தழுவு கோயில்.

சொல்லிப் பாருங்கள். இரண்டும் வினைத்தொகை, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தானாகத் தெரிகிறது. சூழ்வதற்கு நடுவில் இடம் வேண்டும். ஊரைச் சூழ்ந்த பொழில் ஊரின் மேலேயே வளர்வதில்லை. தழுவினால் இடைவெளி கிடையாது. அம்மா காணாமல் போய்விட்டது என்று சொன்ன நடைவழி, ‘சூழ்’ போய் ‘தழுவு’ வந்ததிலேயே அடங்கிவிட்டது. யாரையும் போலி என்று திட்டவும் வேண்டாம். போர்ட்டூனஸ் கோயிலின் சுதைப் பூச்சைத் தனி வாக்கியத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

கிரேக்கச் சொல்லில் இருக்கும் ‘சூடோ’ இதில் வரவில்லையே என்று யாராவது கேட்கலாம். சூடோ என்பது கிரேக்கத்தின் கண்ணால் பார்த்த பெயர். எல்லாப் பக்கமும் தூண், எந்தப் பக்கமிருந்தும் ஏறலாம் என்பது அவர்களுடைய கோயில். அதை அளவுகோலாக வைத்தால் இது குறைதான். ரோமானியருக்குக் கோயில் வந்தது இத்தாலியில் அவர்களுக்கு முன்பே செழித்திருந்த எத்ருஸ்கர் வழியாக. உயர்ந்த மேடை, முன்னால் மட்டும் படி, ஆழமான முகமண்டபம், பின்பக்கத்தைப் பற்றிக் கவலை இல்லை. அந்த உடம்புக்குக் கிரேக்கத் தூண்வரிசையைப் போர்த்தினார்கள். சுற்றிவர நடைவழி அவர்களுக்குத் தேவைப்படவே இல்லை. தேவைப்படாததை விட்டதற்கு ஏன் பொய் என்ற பழி?

மேடைக்கும் இப்போதே முடிவு சொல்லிவிடுகிறேன். அதிட்டானம் என்பதைத் தமிழில் தாங்குதளம் என்று எழுதுகிறார்களே, அதையே எடுத்துக்கொண்டேன். மேலும் கீழும் வரிவடிவங்கள் வைத்த கல்மேடைதானே, பொருந்துகிறது.

இன்னொன்றையும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ரோமானியர் கட்டடத்தை டெம்ப்ளும் என்று சொல்வதில்லை. அது நிமித்தம் பார்ப்பவர் சடங்கு செய்து வரையறுத்த இடத்தின் பெயர். மேலே நிற்கும் கட்டடத்துக்கு ஐதேஸ், அதாவது வீடு. நம் கோயிலிலும் ‘இல்’ இருக்கிறது. மேசோன் கரே என்ற பிரெஞ்சுப் பெயருக்கும் சதுர வீடு என்றுதான் பொருள். அது எங்கே சதுரம், நீளம் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு இருக்கிறதே என்று என் தங்கை மகள் கேட்டாள். பழைய பிரெஞ்சில் நாலு மூலையும் செங்கோணமாக இருந்தாலே கரேதான். நாமும் கட்டம் என்றால் அளந்தா பார்க்கிறோம்?

அந்த வீடு யாருக்கு என்பதே பல நூற்றாண்டு தெரியாமல் இருந்தது. முகப்பில் வெண்கல எழுத்துகள் பதித்திருந்தார்கள். அவற்றை யாரோ எப்போதோ பிடுங்கிக்கொண்டு போக, ஆணி அடித்த துளைகள் மட்டும் மிஞ்சின. நீம் நகரத்து அறிஞர் ழான் ஃபிரான்சுவா சேகியே 1758-இல் அந்தத் துளைகளை வைத்தே எழுத்துகளை மீட்டார். எழுத்தே இல்லாத கல்வெட்டைப் படித்தவர்! அகஸ்டஸின் மகன் காயஸ் சீசருக்கு, லூசியஸ் சீசருக்கு, இளையோர் தலைவர்களுக்கு என்று போகிறது வாசகம். மகன் என்பது தத்து முறையில். இருவரும் முதல் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸின் மகள் யூலியா வயிற்றுப் பேரர்கள், தந்தை அகஸ்டஸின் படைத்தலைவர் அக்ரிப்பா. ஆட்சிக்கு வரவேண்டிய பையன்கள். லூசியஸ் கி.பி. 2-இல் இன்றைய மார்செய் நகரில் இறந்தான், காயஸ் கி.பி. 4-இல் இன்றைய துருக்கியில் இருக்கும் லிசியாவில். இருவருக்கும் இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. தாத்தா இருவரையும் பறிகொடுத்துவிட்டு இன்னும் பத்தாண்டு ஆண்டார். கலைச்சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லைதான். ஆனால் அத்தியாயத்தை மொழிபெயர்க்கும்போது அந்தத் துளைகளை விட்டு நகர எனக்கு இரண்டு நாள் ஆனது.

அன்புடன்,
திருச்சியிலிருந்து

—

> தூண்தழுவு கோயில்

எனக்குச் சம்மதம், ஆனால் குறுக்கு விசாரணை செய்யாமல் விடமாட்டேன். தழுவல் என்றால் இன்று படத்தையோ கதையையோ எடுத்து மாற்றிச் செய்வது என்றல்லவா பொருள் போகிறது? அப்புறம், ஏறுதழுவுதல் நினைவுக்கு வந்தால் என்ன செய்வீர்கள்?

யாழ்ப்பாணத்திலிருந்து

—

ஐயா, தழுவல் என்ற பொருள் வந்தால் வரட்டும். கிரேக்கத் தூண்வரிசையை எடுத்து எத்ருஸ்கக் கோயிலுக்கு ஏற்ப மாற்றியது தழுவல் இல்லாமல் வேறு என்ன? சொல் கூலி வாங்காமல் இரண்டு வேலை செய்கிறது.

ஏறுதழுவுதலும் உதவிதான். மாட்டைத் தழுவுகிறவன் நாலடி தள்ளி நின்று சுற்றி வருவதில்லையே. தள்ளி நின்றால் அவன் தூண்சூழ்.

சரி, வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் 1787-இல் நீம் நகரத்துத் தூண்தழுவு கோயிலின் முன் மணிக்கணக்காக அமர்ந்து, காதலியைப் பார்க்கும் காதலனைப்போல அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று கடிதம் எழுதினார். ஆனால் அதை நேரில் காண்பதற்கு முன்பே, அதை முன்மாதிரியாகக் கொண்டு வர்ஜீனிய மாநில மன்றக் கட்டடத்துக்கு வரைபடமும் மாதிரியும் செய்து அனுப்பியிருந்தார்.” தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. அடுத்ததும் ஓடியது: “பாரிசின் மதலேன் தேவாலயத்துக்கு முன்மாதிரி தூண்தழுவு கோயில், ஆனால் கட்டி முடித்ததோ தூண்சூழ்.” போலியை வைத்து இதை எழுதியிருந்தால் வாசகர் பாதியில் புத்தகத்தை மூடியிருப்பார்.

—

இவ்வளவு பேசி முடித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? அதே பிரான்சில், ரோன் ஆற்றங்கரையில், வியென் நகரத்தில் அகஸ்டஸ், அவர் மனைவி லிவியா இருவருக்குமான கோயில் ஒன்று இருக்கிறது. முகப்பிலும் பக்கங்களிலும் தூண்கள் தனித்து நிற்கின்றன, நடக்கலாம். பின்பக்கம் போனால் சுவர் வந்து வழியை அடைத்துவிடுகிறது. முன்னால் சூழ்ந்து பின்னால் நின்றுபோன இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

கோவையிலிருந்து

—

அம்மா, அடுத்த அத்தியாயத்தில்தான் அது வருகிறது. திங்கட்கிழமை வரை நேரம் கொடுங்கள்.